பாவிக்காத காஸ்

உது காஸ் கார்ட்தானே பிள்ளை, கையில வச்சிருக்கிறது? நினைச்சனான். மீற்றருக்குக் காசு ஏத்துற கார்ட், அதைக் கண்டாலே எனக்கு இப்ப ஆத்திரம் வரும். வாங்கோ, இதில இருக்கலாம். பையை நான் காலுக்குக் கீழ வைக்கிறன். இல்லையில்லை, நீங்கள் தூக்க வேண்டாம், ஒரு கையாலயே இழுத்திடுவன். மற்றக் கைக்குள்ள ஒரு சாமான் இருக்கு, அதைத் திறக்கேலாது.

கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ, புதுசா வந்தனீங்களோ? கெயர் வேலைக்கோ? முகத்தைப் பார்க்கவே தெரியுது, ஊர் வெயில் இன்னும் போகேல்லை. ஊரில எந்த இடம்? மானிப்பாயோ. நாங்கள் அளவெட்டி. வெம்பிளியில பரஞ்சோதி எண்டு கேட்டால் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும். ஊர்ச் சங்கத்துக்குப் பொருளாளர், கனகாலமா நான்தான். வேற ஒருத்தரும் பொறுப்பெடுக்க மாட்டினம், குறை சொல்ல மட்டும் வருவினம்.

சரி, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன் கேளுங்கோ. உந்தக் கார்ட்டை நம்பாதேங்கோ. காஸைப் பாவிச்சாத்தான் காசு எண்டு நீங்கள் நினைப்பீங்கள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பாவிக்காட்டியும் காசு, பிள்ளை. அடுப்பை மூட்டாட்டியும் காசு, ஹீற்றிங் போடாட்டியும் காசு, வீட்டைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போனாலும் காசு. ஒவ்வொரு நாளும் விடிய மீற்றரில ஒரு தொகையைக் கொம்பனிக்காரங்கள் வெட்டுவாங்கள். அந்தக் காசு செய்த வேலையாலதான் நான் இண்டைக்கு இந்தப் பஸ்ஸில, சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு, என்ர மகளைப் பார்க்கச் சம்பந்தி வீட்டுக்குப் போறன்.

ஹரோவில சம்பந்தி வீடு. பெரிய வீடு. என்ர மகள் ஆரபி அங்கதான் இருக்கிறாள், பச்சைப் பிள்ளையோட. பிள்ளை பிறந்து இண்டைக்கு முப்பத்தொராம் நாள், துடக்குக் கழிவு. பேரனுக்கு முடி வழிக்கினம். முறைப்படி பார்த்தால் இதெல்லாம் என்ர வீட்டில நடக்க வேண்டியது. தலைப்பிள்ளைக்குத் தாய் வீடுதானே. எங்கட பக்கத்தில அதை மாத்திறதில்லை.

தாய் எங்க எண்டு கேக்கிறீங்கள். கேக்காட்டியும் உங்கட முகம் கேக்குது. தாய் இல்லை. வசந்தமலர் போய் நாலு வருசமாகுது. வருத்தம்தான், நேரத்துக்குக் கண்டுபிடிக்கேல்லை. அதாலதானே சம்பந்தி துணிஞ்சு கேட்டவ. வளைகாப்பு முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கொண்டு நிக்கேக்க, "அண்ணை, ஆரபி எங்களோடயே இருக்கட்டுமே, உங்களுக்கு ஏன் கரைச்சல்" எண்டு கேட்டவ. குரலில ஒரு குழைவு. என்னைப் பார்த்து இரக்கப்படுறாவாம். நான் சொன்னன், "தாய் இல்லாட்டி என்ன, நான் இருக்கிறன். என்ர வீட்டிலதான் பார்க்கிறது" எண்டு. ஆரபி என்னைப் பார்த்தாள். கண் கலங்கிப்போச்சு அவளுக்கு. "அப்பா சொன்னால் செய்வார், மாமி" எண்டாள். அந்தச் சொல்லை நான் மறக்கேல்லை.

சும்மா வாயால சொல்லேல்லை, பிள்ளை. ஊரில இருக்கிற என்ர பெரியக்காவுக்கு ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து எல்லாம் படிச்சனான். பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற காயச் சரக்கு எப்பிடி அரைக்கிறது, எத்தினை நாளைக்குக் குடுக்கிறது, பத்தியக் கறிக்கு என்ன மீன், எந்த மீன் கூடாது, தண்ணிக்குள்ள என்ன இலை போட்டு அவிக்கிறது. அக்கா சிரிப்பா. "நீ என்னடா, மருத்துவிச்சி வேலைக்குப் போகப் போறியோ" எண்டு கேப்பா. பெற்றோல் ஸ்ரேசனில நிண்டு காசு வாங்கி வாங்கி, வாய்க்குள்ள மிளகு, உள்ளி, வேர்க்கொம்பு எண்டு பாடமாக்கிக்கொண்டு நிண்டவன் நான்.

காசும் சேர்த்தனான். அதுதான் கதையே. சித்திரை பிறந்த கையோட என்ன செய்தனான் எண்டால், காஸ் பைப்பைத் திருகிப் பூட்டிப்போட்டன். ஹீற்றிங் தேவையில்லை, குளிக்கிற ஷவர் கரண்டில ஓடுது, சமைக்க ஒரு கரண்ட் அடுப்பு வாங்கினன். ஒரு ஆளுக்கு அது காணும். காஸ் கார்ட்டைக் குளிர்ப்பெட்டிக்கு மேல எறிஞ்சன். முந்தி ஒவ்வொரு கிழமையும் காஸுக்குப் போடுற காசை அப்பிடியே எடுத்து, சாமிப் படத்துக்குப் பின்னால ஒரு பிஸ்கற் ரின், அதுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தன். பேரனின்ர கழுத்தில போடுற தங்கப் பஞ்சாயுதம் செய்யிற காசு. பேரனோ பேத்தியோ எண்டு அப்ப தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும்.

சங்கத்தில எல்லாருக்கும் சொன்னனான். "பைப்பைப் பூட்டுங்கோ, கொம்பனிக்காரன் என்ன செய்வான் பாப்பம்" எண்டு. இரண்டு மூண்டு பேர் என்ர கதையைக் கேட்டுப் பூட்டினவையும். அவையள் இப்ப என்னோட கதைக்கிறேல்லை, அது வேற கதை.

ஐப்பசியில குளிர் தொடங்கிச்சுது. ஆரபிக்கு நாள் கிட்டுது. ஒரு சனிக்கிழமை பைப்பைத் திறந்து, கார்ட்டைக் கொண்டுபோய் எங்கட ஆக்களின்ர கடையில இருபது பவுண்ஸ் போட்டு, வந்து மீற்றருக்குள்ள தள்ளினன். ஒண்டுமில்லை. ஹீற்றிங் பத்தேல்லை. மீற்றரில பார்க்கிறன், போட்ட காசைக் காணேல்லை. மெஷின் பிழை எண்டு நினைச்சு இன்னொரு இருபது போட்டன். அதையும் விழுங்கிப்போட்டுது. விழுங்கிப்போட்டு இன்னும் கடன் எண்டு காட்டுது. கடன், பிள்ளை. நான் ஆரிட்டயும் ஒரு சதம் கடன் வாங்காதவன்.

கொம்பனிக்குப் போன் எடுத்தன். பாட்டைப் போட்டு வைச்சிருந்தாங்கள், அரைநாள் அந்தப் பாட்டைத்தான் கேட்டன். நியாயமில்லாத கதை கதைக்கிற ஆக்களோட எப்பிடிக் கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியும், சங்கத்தில பழகினதுதான். எங்கட சங்கத்தில ஒருத்தர் இருக்கிறார், பேர் வேண்டாம், அவர் மூண்டு வருசமா ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. சந்தா கேட்டுப் போனால், "நான் வாறதே இல்லை, ஏன் தரவேணும்" எண்டு கேக்கிறார். நான் விடேல்லை. வாசலில நிண்டபடியே கேட்டன், "நீங்கள் வந்தாலென்ன வராட்டி என்ன, மண்டபத்துக்கு வாடகை கட்டத்தானே வேணும்? சங்கம் எண்டு ஒண்டு இருக்க வேணுமெல்லோ? நாளைக்கு உங்கட வீட்டில ஒரு காரியம் எண்டால் ஆர் ஓடி வாறது?" மனுசன் உள்ளுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்து தந்தார். அப்பிடிக் கதைக்க வேணும்.

கடைசியில போனில ஒரு பொம்பிளை வந்தா. நல்ல தன்மையான பொம்பிளைதான். நான் பூட்டி வச்சிருந்த காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் காசு ஏறினதாம். "பாவிக்கேல்லையே, அம்மா" எண்டு சொன்னன். அவ சொல்லுறா, "நீங்கள் பாவிச்சாலென்ன பாவிக்காட்டி என்ன சேர், பைப்பைப் பார்த்துப் பராமரிக்க வேணும், நீங்கள் திறக்கிற நேரம் காஸ் வர வேணுமெல்லோ" எண்டு. உதெல்லாம் ஒரு கதையோ, பிள்ளை? நீங்களே சொல்லுங்கோ. உது மனுசர் கதைக்கிற கதையோ? நான் சொன்னன், "எடுத்த காசைத் திருப்பித் தாருங்கோ, அதுவரைக்கும் ஒரு சதமும் போட மாட்டன்" எண்டு. முறைப்பாடு பதிஞ்சிருக்கு எண்டு சொன்னா. சரி, பதியட்டும். வழக்கு எண்டால் வழக்கு.

பிறகு என்ன. இன்னும் கொஞ்சம் போட்டால் பத்தியிருக்கும் எண்டு மருமகன் பேந்து சொன்னவன். தெரியும். எனக்குத் தெரியாதெண்டோ? ரின்னில காசு கிடந்தது. காசில்லாமலில்லை. ஆனால் அது பஞ்சாயுதக் காசு, அதை எடுத்து அந்தக் கொம்பனிக் கள்ளருக்குக் குடுக்கிறதோ? நான் வேற வழி பார்த்தன். கடையில இரண்டு கரண்ட் ஹீற்றர் வாங்கினன். ஒண்டு ஆரபி படுக்கிற அறைக்கு, ஒண்டு ஹோலுக்கு. சுவிச்சைப் போட்டால் செக்கச்செவேலெண்டு வரும். நல்ல சூடு. காஸும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு இருந்தன்.

பேரன் பிறந்தான். நான் சொன்னனெல்லோ, பேரன் எண்டு. ஆசுப்பத்திரியில இருந்து நேர என்ர வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தவை. வெள்ளிக்கிழமை. வாசலில வச்சு நான்தான் ஆலாத்தி எடுத்தனான், ஆம்பிளை எடுக்கிறதோ எண்டு ஆரும் கேக்கேல்லை. காயம் குடுத்தன். ஆரபி முகத்தைச் சுழிச்சுக்கொண்டு விழுங்கினாள், விழுங்கிப்போட்டு, "அம்மா செய்தால் இவ்வளவு உறைக்காது" எண்டு சொல்லிச் சிரிச்சாள். நாலு வருசத்துக்குப் பிறகு அந்த வீட்டில சிரிப்புக் கேட்டது அண்டைக்குத்தான். எனக்குக் குசினிக்குள்ள போய் நிக்க வேண்டி வந்திட்டுது.

அவள் கேட்டாள்தான், "அப்பா, றேடியேற்றர் ஏன் குளிர்ந்துபோய்க் கிடக்கு?" எண்டு. பழுது, ஆள் வருவான் எண்டு சொன்னன். மருமகன் நிரோஜன் எழும்பிப் போய் றேடியேற்றரில கையை வச்சுப் பார்த்தான். பிறகு மீற்றர் இருக்கிற பக்கம் ஒருக்கா பார்த்தான். அவன் அப்பிடித்தான், கதைக்க மாட்டான். கதைக்காத ஆக்களை எனக்கு விளங்கிறேல்லை.

சனி, ஞாயிறு ஒரு குறையுமில்லை. இரண்டு ஹீற்றரும் ஓடுது. தண்ணி கொதிக்குது. பேரன் என்ர நெஞ்சில கிடந்து நித்திரை. அக்காவுக்கு வீடியோவில காட்டினன். கரண்டும் காஸ் மாதிரி முன்கூட்டிக் காசு போடுற மீற்றர்தான். அப்ப எனக்குத் தெரியாது, கரண்டுக்குப் போட்டிருந்த காசு வெள்ளிக்கிழமை பின்னேரமே முடிஞ்சுபோச்சு எண்டு. அந்த இரண்டு ஹீற்றரும் குடிச்சுப்போட்டுது. சனி ஞாயிறில நிப்பாட்ட மாட்டினமாம், மனிதாபிமானமாம். திங்கட்கிழமை காலமை அவங்களின்ர கந்தோர் திறக்கிற நேரம் பார்த்து நிப்பாட்டுவாங்களாம். அப்பிடி ஒரு மனிதாபிமானம்.

நான் விடியவே பெற்றோல் ஸ்ரேசன் வேலைக்குப் போயிட்டன். போனைப் பூட்டி வைக்கச் சொல்லித்தான் அங்க சட்டம். ஆரபி பிள்ளையைக் குளிக்க வார்க்கிறதுக்குத் தண்ணி வச்சிருக்கிறாள். கேத்தில் நிண்டுபோச்சு. ஹீற்றர் நிண்டுபோச்சு. காஸும் இல்லை. வெளியில பனி. என்ர போனுக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்கிறாள். புருசனுக்கு அடிச்சிருக்கிறாள், அவன் தாய்க்குச் சொல்லியிருக்கிறான்.

நான் மத்தியானம் வாறன், வாசலில சம்பந்தியின்ர கார். உள்ளுக்குப் போனால் ஆரபி கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருக்கிறாள், பிள்ளை அவளின்ர கோட்டுக்குள்ள. பிள்ளையின்ர மூக்கு நுனி சிவந்துபோய். சம்பந்தி சாமான் அடுக்குறா. ஒரு சொல்லும் சொல்லேல்லை அவ, அதையும் சொல்ல வேணும். சொல்லியிருந்தால் நானும் நாலு சொல்லுச் சொல்லியிருப்பன்.

நான் ஆரபியிட்ட எல்லாத்தையும் விளங்கப்படுத்தினன். சித்திரையில இருந்து தொடங்கி, பாவிக்காத காஸுக்குக் காசு வெட்டினது, போனில கதைச்சது, முறைப்பாடு பதிஞ்சது, எல்லாம். நிண்டபடியே சொன்னன். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். முடிய, "அப்பா, ரின்னில காசு இருக்கெல்லோ?" எண்டு கேட்டாள்.

"அது பஞ்சாயுதக் காசு, பிள்ளை" எண்டு சொன்னன்.

அவள் கோட்டை விலத்திப் பிள்ளையை ஒருக்கா பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு நாங்கள் வேணுமோ அப்பா, அந்த வழக்கு வேணுமோ?" எண்டு கேட்டாள். சத்தம் போடேல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. சத்தம் போட்டிருக்கலாம்.

என்ன கேள்வி உது? நான் ஆருக்காக வழக்குப் போட்டனான்? ஆருக்காகக் காசு சேர்த்தனான்? ஒரு நேரம் இறைச்சி வாங்கிச் சாப்பிடேல்லை நான். படிச்ச பிள்ளை, வங்கியில வேலை செய்யிறவள், அவளுக்கே நியாயம் விளங்கேல்லை எண்டால் மற்ற ஆக்களைப் பற்றி என்ன கதை.

பின்னேரம் நிரோஜன் வந்தான். குளிர்ப்பெட்டிக்கு மேல கிடந்த காஸ் கார்ட்டையும் கரண்டுக்குக் காசு ஏத்துற கீயையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. திரும்பி வந்து இரண்டு மீற்றருக்கும் போட்டான், கொட்டின மாதிரிப் போட்டான். ஹீற்றிங் பத்திச்சுது, குழாயெல்லாம் டக்கு டக்கெண்டு சத்தம் போட்டுது. "மாமா, இனிக் குளிராது" எண்டு சொன்னான். சொல்லிப்போட்டுப் போயிட்டான். என்ர வீட்டு மீற்றருக்கு மருமகன் காசு போடுறது. வசந்தமலர் இருந்திருந்தால் இதைப் பார்த்துத் துடிச்சிருப்பா.

அவ இருந்திருந்தால் எண்டு சொல்லுறன். அவ இருந்திருந்தால் முதல் நாளே ரின்னைத் திறந்திருப்பா, அதுவும் எனக்குத் தெரியும்.

அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் இந்தப் பஸ்தான், பிள்ளை. வேலை முடிய வந்து சமைச்சு, கட்டிக்கொண்டு போறது. பஸ்ஸுக்குக் காசு, மீனுக்குக் காசு. சம்பந்தி வீட்டில எல்லாம் இருக்கு, அவ நல்லாச் சமைப்பா. நான் கொண்டுபோறதை வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள்ள வைக்கிறா. முந்தநாள் திறந்து பார்த்தனான், அதுக்கு முதல்நாள் குடுத்த கறி அப்பிடியே இருந்தது. பரவாயில்லை. சாப்பிடாட்டியும் கொண்டுபோகத்தானே வேணும். போகாமல் விட்டால் பிறகு நான் ஆர் அந்த வீட்டுக்கு?

வீட்டில இப்ப நல்ல சூடு. வெக்கையா இருக்கும் வந்து பார்த்தீங்கள் எண்டால். நிரோஜன் போட்ட காஸ் எப்பவோ முடிஞ்சுது, இப்ப நான்தான் போடுறன். ஆரபி படுத்த அறைக்கு இரவும் பகலும் ஹீற்றிங். ஆரும் இல்லை அதுக்குள்ள, தொட்டில் மட்டும் கிடக்கு. ஆனால் எப்ப வருவாள் எண்டு ஆருக்குத் தெரியும்? வந்து நிக்கிற நேரம் ஓடி ஓடிச் சூடாக்கேலாது. பாவிச்சாலென்ன பாவிக்காட்டி என்ன, அறை ஆயத்தமா இருக்க வேணுமெல்லோ. முறைப்பாடு அப்பிடியே இருக்கு, அதை நான் விடேல்லை. அது வேற, இது வேற.

முப்பத்தொண்டு கழிஞ்சால் அவள் தன்ர வீட்டுக்குப் போயிடுவாள். நாளைக்கே போகினமாம். தெரியும். நேற்று நிரோஜன் சொன்னவன்.

என்ன, நீங்கள் இறங்கிற இடமோ? இன்னும் இரண்டு தரிப்பு இருக்கோ. எனக்கும் கிட்டத்தான்.

இந்தக் கையோ? நெடுகப் பார்த்துக்கொண்டு வாறீங்கள், நானும் கவனிச்சனான். காட்டுறன், ஒரு செக்கனுக்குத்தான். இதுதான் பஞ்சாயுதம். பாருங்கோ, சின்னன்தான், ஆனால் தங்கம், சங்கும் சக்கரமும் வடிவா விழுந்திருக்கு. முழுக்க அந்தக் காஸ் காசு. நகைக்கடைக்காரன் ஒரு பெட்டி தந்தவன், நல்ல பெட்டி. காலமை வெளிக்கிடேக்க எடுத்துத் தொட்டுப் பார்த்தன், பொன்னெல்லோ, ஐஸா இருந்தது. இதைக் கொண்டுபோய் அப்பிடியே அந்தப் பிள்ளையின்ர நெஞ்சில போட்டால் திடுக்கிட்டு அழுவான். ஆரபி பார்த்துக்கொண்டு நிப்பாள்.

அதுதான் பெட்டியை வீட்டில வச்சிட்டு, வெம்பிளியில இருந்து பொத்தின கை விரிக்காமல் கொண்டுபோறன். தொட்டுப் பாருங்கோ பிள்ளை. சூடாத்தானே இருக்கு?